அம்மா கடலை வறுத்த மணல்

எங்கள் அடுக்களையில், கியாஸ் அடுப்புக்குக் கீழே, ஒரு பால்மாவு டப்பா இருந்தது. வளைகுடாவில் வேலை பார்த்த உறவுக்காரர் ஒருவர் கொண்டுவந்து தந்தது. பால்மாவு தீர்ந்த பிறகு என் மனைவி அதில் மணல் போட்டு வைத்திருந்தாள். கறுப்பாக, எண்ணெய் தடவியது போல மினுங்கும் கடற்கரை மணல். ஒரு கை அள்ளினால் இரும்புத்தூள் மாதிரி கனக்கும். அதைச் சட்டியில் நன்றாகக் காயவைத்து, நிலக்கடலையைப் போட்டுக் கிளறுவாள். எங்கள் பக்கத்தில் நிலக்கடலையைக் கப்பலண்டி என்போம். வீடு முழுக்க மணக்கும். சல்லடையில் சலித்து, மணலைத் திரும்ப டப்பாவில் கொட்டி மூடிவிடுவாள்.

"கடையில வறுத்தது கிடைக்குமே. இதுக்கு எதுக்கு இத்தற பாடு?" என்று நான் கேட்பேன்.

"கரண்டுக்காரருக்குக் கப்பலண்டி வறுக்கவும் சுவிச்சு வேணுமாக்கும்," என்பாள். "இந்த மண்ணுல சூடு நிக்கும். கப்பலண்டி கரியாது. தின்னுட்டுப் பேசுங்க."

தின்றுவிட்டுத்தான் பேசுவேன். நானும் அவளும் மகளும் மகனும், நாலு பேரும் ஒரே முறத்திலிருந்து தின்றோம். அதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இதைப் படிக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகளே. பிறகு தேவைப்படும்.

நான் வீடுகளுக்கு வயரிங் செய்பவன். ஐடிஐ படித்தவன், அதற்கு மேல் இல்லை. இதில் அணுவைப் பற்றிக் கொஞ்சம் வரும். எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். தப்பு இருந்தால் உங்கள் ஆசிரியரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் கருங்கல் என்ற ஊருக்கும் உள்ளே, கடலிலிருந்து தள்ளி இருக்கிறது. செம்மண்ணும் வெட்டுக்கல்லும் ரப்பரும், மரச்சீனி என்று நாங்கள் சொல்லும் மரவள்ளியும்தான் இங்கே. என் மனைவி கடற்கரைக்காரி. மழைக்காலத்துக் கடல் பொங்கி வந்து வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு போகும்போது, கனமான கறுப்பு மணல் மட்டும் கரையில் பட்டை பட்டையாகத் தங்கிவிடும். அதற்குக் கருமணல் என்று பெயர். டப்பாவில் மணல் மங்கிப்போனால் அவளுடைய அண்ணன் புதிதாக அள்ளிக்கொண்டு வருவார். அவர் ஃபைபர் வள்ளத்தில் மீன் பிடிப்பவர். எனக்கு மச்சான், பிள்ளைகளுக்கு மாமா.

அவளுக்கு இரத்தத்தில் புற்றுநோய் வந்தது. திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம். ஒரு மழைக்காலத்தில் இறந்துபோனாள். எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் செம்மண்ணில் அவளை அடக்கினோம்.

நவம்பர் மாதம் இரண்டாம் தேதி இறந்தவர்களுக்கான நாள். எல்லோரும் குடும்பத்தோடு போய்க் கல்லறையில் புல் பிடுங்கி, மணல் பரப்பி, பூவும் மெழுகுதிரியும் வைப்போம். என் மனைவியின் வீட்டில் இதற்கென்று ஒரு முறை உண்டு. கடற்கரை வெள்ளை மணலைக் கல்லறை முழுவதும் பரப்பி, அதன்மேல் கருமணலால் சிலுவை போடுவார்கள். கருமணல் கனமானது, கடல்காற்று அடித்தாலும் பறக்காது, சிலுவை அப்படியே கிடக்கும் என்பார்கள். அவள் இறந்த பிறகு வந்த முதல் நவம்பரில், மச்சான் பைக்கில் ஒரு சாக்கு வெள்ளை மணலும் ஒரு சின்னப் பையில் கருமணலும் கொண்டுவந்தார். எங்களுக்குக் கறி வைக்க மீனும் கொண்டுவந்தார்.

வெள்ளை மணலைக் கொட்டி, உள்ளங்கையால் தடவித் தடவிச் சமப்படுத்தினார். குழந்தையின் முதுகைத் தடவுகிற மாதிரி இருந்தது. பிறகு கருமணலை அள்ளி, விரலிடுக்கில் ஒழுகவிட்டு நெட்டுக்கோட்டைப் போட்டார். குறுக்குக்கோட்டைத் தொடங்கும்போது என் மகள் பேசினாள். அப்போது அவள் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, அத போடாண்டாம்."

"எதுக்கு மக்கா?"

"அது ரேடியேஷன் உள்ள மண்ணாக்கும். அதுல இருந்துதான் கேன்சர் வரும்ணு போன்ல எல்லாவனும் சொல்லுகான்."

மச்சான் சிரித்தார். சிரித்தால் அவருக்கு இடதுகண் மட்டும் சுருங்கும். என் மனைவிக்கும் அப்படித்தான். "போன்ல சொல்லுகவன் கடப்புறத்துல வந்து கெடந்து பாத்தானா? ஒங்கம்மை தவழ்ந்து வளந்தது இந்த மண்ணுலயாக்கும், ஏட்டி."

"அதனாலதானே அம்மா செத்தா!"

சொல்லிக்கொண்டே குனிந்து, இரண்டு கையாலும் அந்தக் கறுப்புக்கோட்டை அழித்து, கருமணலைப் பக்கத்துச் செம்மண்ணில் தள்ளிவிட்டாள். பக்கத்துக் கல்லறைகளில் செபம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மச்சான் கையில் இருந்த மீதி மணலைப் பைக்குள் போட்டு வாயைக் கட்டினார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. பைக்கை எடுக்கும்போது என்னிடம், "மச்சான், பிள்ளைய ஒண்ணும் சொல்லாண்டாம். அதுக்க சங்கடம் அதுக்கு," என்று மட்டும் சொன்னார். வீட்டில் அவர் கொண்டுவந்த மீன் கறியாகி இருந்தது. அவர் சாப்பிடாமல் போனார்.

அதன்பிறகு அவர் வரவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்டார். மகள் போகமாட்டேன் என்றாள், தம்பியையும் விடமாட்டேன் என்றாள். மகன் ஐந்தாம் வகுப்பு. அவன் தனியாக என்னிடம் வந்து கேட்டான்.

"அப்பா, மாமா வீட்டுல அந்த மண்ணுல நான் குழி தோண்டி உள்ள இருந்திருக்கேன். எனக்கும் வருமா?"

அவன் பள்ளிக்கூடம் போகும் முன்னும் வந்த பின்னும் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவத் தொடங்கியிருந்தான். அம்மாவைப் போலக் கண் சுருங்கிச் சிரிக்கும் ஒரே ஆள் இந்த உலகத்தில் அந்த மாமாதான். இந்தப் பயம் இப்படியே நின்றால் பிள்ளைகள் அவரையும் அவர் வீட்டையும் இழந்துவிடுவார்கள். அம்மாவை ஒரு தடவை இழந்தது போதாதா என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. ஆனால் மகளிடம் "அப்படியெல்லாம் ஒன்றுமில்லை" என்று சொல்ல எனக்கு என்ன தெரியும்? ஒன்றுமில்லையா, ஏதாவது உண்டா என்பதே எனக்குத் தெரியாது.

பால்மாவு டப்பாவை மகள் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ரப்பர் மரங்கள் நிற்கும் விளையில் எங்கேயாவது கொண்டு கொட்டச் சொன்னாள். என்னால் கொட்ட முடியவில்லை. வெளியே என் வயரிங் சாமான்கள் கிடக்கும் சாய்ப்பில் கொண்டு வைத்தேன்.

பல மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த பிறகு, சாய்ப்பிலிருந்து மகளின் கூச்சல் கேட்டது.

"ஏலே, கைய எடு! தொடாதலே!"

"நான் எங்க தொட்டேன்? காந்தம்தான் தொடுது."

மகன் டப்பாவைத் திறந்து ஒரு காகிதத்தில் கொஞ்சம் மணலைக் கொட்டி, பழைய ஒலிபெருக்கியிலிருந்து நான் கழற்றிப் போட்டிருந்த காந்தத்தை அதன்மேல் காட்டிக்கொண்டிருந்தான். கறுப்புக் குருணைகள் மயிர்போல எழும்பிக் காந்தத்தில் ஒட்டின. காகிதத்தில் கொஞ்சம் சிவப்பும், கொஞ்சம் வெள்ளையும், அங்கங்கே தேன் நிறத்தில் சில குருணைகளும் மிஞ்சின. மகள் அடிக்கக் கை ஓங்கியவள், ஓங்கிய கையோடு நின்று காகிதத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் புத்தகத்தையும், போனையும், தம்பியின் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

கொஞ்ச நேரம் படித்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"கறுப்பா இருக்குறது இல்மனைட்டாக்கும் அப்பா. அதுல ஒண்ணும் பெருசா இல்ல. சிவப்பு கார்னெட். இந்தத் தேன் கலர்ல இருக்குல்லா, அதுக்குப் பேரு மோனசைட். அதுக்குள்ளதான் தோரியம்."

"அப்ப கறுப்பு பாவம், சும்மா அடி வாங்கிச்சு," என்றான் மகன்.

"வெள்ள மண்ணுலயும் இது ஒண்ணு ரெண்டு கெடக்கும்," என்றாள் அவள், குரல் தாழ்ந்து. "அண்ணைக்கு நான் கறுப்ப மட்டும் தொடைச்சுப் போட்டதுல அம்மாக்கிட்ட இருந்து தோரியம் ஒண்ணும் போயிருக்காது."

அவளுக்கு அந்த வருடப் பாடத்தில் அணுக்கருவைப் பற்றி ஒரு பகுதி வந்திருந்தது. தோரியத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ ஆயிரத்து நானூறு கோடி ஆண்டு என்று வாசித்தாள். இந்தப் பிரபஞ்சத்தின் வயதே அதைவிடக் கொஞ்சம் குறைவுதானாம்.

"அது அரை ஆயுள்ணா, முழு ஆயுள் ரெண்டாயிரத்து எண்ணூறு கோடியா?" என்று மகன் கேட்டான்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "இல்லலே மண்டா. போய் அம்மைக்க புளியங்கொட்டைய எடுத்துட்டு வா."

தாயம் விளையாடுவதற்காக என் மனைவி ஒரு பை நிறையப் புளியங்கொட்டை வைத்திருந்தாள். ஒவ்வொன்றையும் அம்மிக்கல்லில் ஒரு பக்கம் மட்டும் தேய்த்து வெள்ளையாக்கி வைத்தது. மகள் அதை மொத்தமாகத் தரையில் எறிந்தாள். வெள்ளைப் பக்கம் மேலே தெரிந்தவற்றை எல்லாம் பொறுக்கி ஒதுக்கினாள். "இதெல்லாம் வெடிச்சுப்போன அணு." ஏறத்தாழப் பாதி போயிருந்தது. மிச்சத்தை அள்ளி மறுபடி எறிந்தாள். அதிலும் பாதி போயிற்று. இப்படி ஒவ்வொரு எறியிலும் இருப்பதில் பாதி. ஒரு எறிக்கான காலம்தான் அரை ஆயுள். தோரியத்துக்கு ஒரு எறி ஆயிரத்து நானூறு கோடி ஆண்டு. இரண்டு எறியில் முழுவதும் தீர்ந்துவிடாது, நாலில் ஒரு பங்கு மிஞ்சும். அதிலும் பாதி, அதிலும் பாதி என்று போகும்.

கடைசியில் ஒரே ஒரு கொட்டை நின்றது. எறிய எறியக் கறுப்புப் பக்கமாகவே விழுந்தது.

"இத்தற தடவை தப்பிச்சாச்சு. அடுத்த தடவை இது கண்டிப்பா மாட்டும்," என்றான் மகன்.

"மாட்டும்ணு ஒண்ணும் இல்ல. கொட்டைக்கு அது தெரியுமா? அதுக்கு எல்லா தடவையும் முதல் தடவைதான். அணுவும் அப்படித்தான். கோடி வருசம் இருந்த அணுவும் நேத்து உண்டான அணுவும் ஒண்ணு. அதுக்கு வயசே ஆகாது."

எனக்கு அது மனதில் தைத்தது. நமக்கு வயது ஆகிறது, உடம்பு தேய்கிறது, அதனால் ஒருநாள் போகிறோம். தோரிய அணு தேய்வதில்லை. எந்தக் குறையும் இல்லாமல் நேற்றுவரை இருந்தது போலவே இருக்கும். திடீரென்று ஒரு கணத்தில் உடையும்.

"மக்கா, கொட்டைய எறிய ஒங்கை இருக்கு. அணுவ யாரு எறியுகா?" என்று கேட்டேன்.

அவள் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பி எனக்கு வாசித்துக் காட்டினாள். குவாண்டம் டன்னலிங் என்று அதற்குப் பெயர். எனக்கு ஒரு வரியும் விளங்கவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டேன். வேலைக்குப் போகும் இடங்களில், சாப்பாட்டு நேரத்தில், திரும்பத் திரும்பப் பார்த்தேன். தமிழில் சொல்லித் தருகிற காணொளிகளைக் கேட்டேன். எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்.

அணுவின் நடுவில் ஒரு கரு இருக்கிறது. தோரியத்தின் கரு பெரியது, உள்ளே ஒரே நெருக்கடி. அந்த நெருக்கடியில் நாலு துணுக்குகள் சேர்ந்து ஒரு கட்டாக ஆகின்றன. அந்தக் கட்டுக்கு ஆல்பா துகள் என்று பேர். கருவுக்குள் ஒரு விசை அதை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது. கருவை விட்டுச் சற்று வெளியே வந்துவிட்டாலோ, மின்விசை அதைத் தள்ளி ஓட்டிவிடும். உள்ளே பிடிக்கிற இடத்துக்கும் வெளியே தள்ளுகிற இடத்துக்கும் நடுவில் உள்ளதைத்தான் சுவர் என்கிறார்கள். அந்தச் சுவரை ஏறித் தாண்ட ஆல்பா துகளுக்குச் சக்தி போதாது. வறண்ட கிணற்றுக்குள் நின்று ஒரு பந்தை மேலே எறிகிறோம், பாதிக் கிணறுதான் எழும்புகிறது. ஆயிரம் முறை எறிந்தாலும் பந்து வெளியே வராது, இல்லையா? நம் உலகத்தில் வராது.

ஆனால் அவ்வளவு சிறிய உலகத்தில் துகள் என்பது பந்து மட்டும் இல்லையாம், அலையும்தானாம். அலை சுவரில் வந்து முட்டினால் சுவரின் முகத்தோடு நின்றுவிடாது. இது எனக்கு என் வேலையில் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஆளிடம் "வயரை இழுங்க" என்று கூவுவோம். கதவு ஜன்னல் அடைத்திருந்தாலும், மெல்லிய செங்கல் சுவர் என்றால் நன்றாகக் கேட்கும். கனமான சுவர் என்றால் முனகல் போலக் கேட்கும். பழைய வெட்டுக்கல் வீடுகளில் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது, போன் பண்ண வேண்டும். சத்தம் சுவருக்குள்ளே போகப் போகத் தேய்கிறது. சுவர் சீக்கிரம் முடிந்துவிட்டால், தேய்ந்ததுபோக ஒரு மிச்சம் அந்தப் பக்கம் வந்துவிடுகிறது.

இதை ஒருநாள் சாயங்காலம் சாய்ப்பில் வைத்து மகளிடம் சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, "கொள்ளாம் அப்பா. ஆனா ஒண்ணு தப்பு," என்றாள். "சத்தம்ணா பாதி இந்தப்பக்கம், பாதி அந்தப்பக்கம் நிக்கும். ஆல்பா அப்படிப் பாதியா வராது. ஒண்ணு முழுசா உள்ள, இல்லேண்ணா முழுசா வெளிய. அந்தப்பக்கம் மிஞ்சுத அலை எவ்வளவோ, அவ்வளவுதான் அது வெளிய இருக்கதுக்கு உள்ள வாய்ப்பு. சுவர்ல ஓட்டை ஒண்ணும் விழாது. சுவரு அப்படியே இருக்கும், இது வெளிய இருக்கும்."

அந்தத் துகள் உள்ளே ஒரு நொடியில் கோடி கோடி கோடி முறை சுவரில் முட்டுகிறது. ஒவ்வொரு முட்டிலும் வெளியே போக ஒரே அளவு வாய்ப்பு, நினைக்க முடியாத அளவு சிறிய வாய்ப்பு. அது கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. வாய்ப்பு எப்போதும் ஒன்றாகவே இருப்பதால்தான் புளியங்கொட்டைக் கணக்கு வருகிறது, பாதி பாதியாகக் கழிகிறது.

தேன் நிறக் குருணைக்குள் தோரியம் உடைந்து உடைந்து வேறு வேறு பொருளாக மாறும் வரிசையில், பொலோனியம் என்று ஒன்று வருகிறது. அதில் உள்ள ஆல்பா துகளுக்குத் தோரியத்தில் உள்ளதைப் போல இரண்டு மடங்கு சக்தி, அவ்வளவுதான். சக்தி கூடினால் கடக்க வேண்டிய சுவர் மெல்லியதாகிவிடும். அந்த இரண்டு மடங்குக்கே அதன் அரை ஆயுள் ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குகூட இல்லை. ஒன்றுக்குப் பிரபஞ்சத்தின் வயது, இன்னொன்றுக்குக் கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. இரண்டும் ஒரே மணல் குருணைக்குள். சுவரில் கொஞ்சம்தான் வித்தியாசம்.

அன்றைக்கு மகள் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது, பக்கத்தில் இருந்த மகனுக்கு ஒரு சந்தேகம். "வெளிய வந்த ஆல்பா எங்க போவும்?"

"கொஞ்ச தூரம் ஓடி நின்னுரும். ஒரு காகிதத்தத் தாண்டாது, நம்ம தோலத் தாண்டாது. பெறவு ஹீலியம் ஆயிரும்," என்றாள் அக்கா. "மண்ணு தூசியா மூச்சுல உள்ள போனாதான் கெடுதல். இந்த மண்ணுல இருந்து வேற கதிரும் வரும், அது தாண்டும். ஆனா கொஞ்சம்தான்."

"ஹீலியம்ணா பலூன் வாயுவா? மண்ணுக்குள்ள பலூனா?" அவன் சிரித்தான். அம்மா போன பிறகு அவன் மணலைப் பற்றிப் பேசிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

மகள் சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "அப்பா, ஒரு அணு ஏன் இன்னைக்கு உடையுது, பக்கத்து அணு ஏன் உடையல?" என்று கேட்டாள்.

"ஏன்?"

"காரணம் இல்லியாம். நமக்குத் தெரியாதுண்ணு இல்ல, காரணமே இல்லியாம். ஒரு பிடி மண்ணுல இவ்வளவு உடையும்ணு சரியா சொல்லலாம். எது உடையும்ணு யாராலயும் சொல்ல முடியாது. ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும். ஒண்ணு போவும், ஒண்ணு இருக்கும்."

அதைச் சொல்லும்போதே அவள் முகம் மாறியது. எனக்கும் அதே நேரத்தில் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. மலையாளி டாக்டரம்மா ஒருவர். நல்ல மனுஷி. அவரிடம் என் மகள் கேட்டிருந்தாள், அம்மாவுக்கு இது எதனால் வந்தது, கடற்கரை மணலாலா என்று. அவர் மகளின் தோளில் கை வைத்து, அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். "மோளே, ஒரு கூட்டம் ஆளுகள வெச்சு கணக்கு பறயலாம். இந்த ஒராளுக்கு எதுகொண்டு வந்துன்னு சொல்லான் ஒக்காது. ஆருக்கும் ஒக்காது." யாராலும் சொல்ல முடியாது என்று அவர் மழுப்புகிறார் என்றுதான் மகள் அன்றைக்கு நினைத்தாள். வரும் வழியெல்லாம் பேருந்தில் கோபமாகவே இருந்தாள்.

இப்போது சாய்ப்பில் உட்கார்ந்து அழுதாள். அடக்கமாக அழவில்லை, சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதாள்.

"நாலு பேரும்தானே அப்பா தின்னோம். மாமா இப்பவும் அதுலதானே கெடக்காரு. பின்ன ஏன் அம்மா மட்டும்?"

மணல்தான் என்று தெரிந்தால் மணலைத் திட்டலாம். மாமாவைத் திட்டலாம். டப்பாவை விளையில் கொட்டிவிட்டுக் கை கழுவலாம். அவளுக்கு அப்படி ஒன்று தேவைப்பட்டிருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் அந்தக் கேள்விதான், வேறு கேள்வி இல்லை. மனிதரும் அணுவும் ஒன்று இல்லை. நோய்க்கு எங்கோ ஒரு காரணம் இருந்திருக்கலாம். ஆனால் அதை இனிமேல் யாராலும் கண்டுபிடித்து எங்கள் கையில் தர முடியாது.

தம்பி அக்காவைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, முன்பு எறிய எறியக் கறுப்பாகவே விழுந்த அந்தக் கடைசிப் புளியங்கொட்டையைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தான். ஏன் அப்படிச் செய்தான் என்று எனக்குத் தெரியாது.

பிள்ளைகளே, அந்த மணல் ஒன்றும் செய்யாது என்று உங்களிடம் நான் சொல்லமாட்டேன். எனக்கு அந்தப் படிப்பு இல்லை. தூசியைச் சுவாசிப்பது நல்லதில்லை என்று தெரிந்துகொண்டேன். அதனால் இனி எங்கள் வீட்டில் அதில் எதுவும் வறுப்பதில்லை, அந்த மணல் அடுக்களைக்குத் திரும்பவும் இல்லை. ஆனால் அம்மாவைக் கொன்றது அதுதான் என்றும் சொல்லமாட்டேன். தெரியாததைத் தெரியாது என்று வைத்துக்கொண்டு இருப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அடுத்த நவம்பர் வருவதற்கு முன்பு மகள் தானாகவே போன் எடுத்தாள்.

"மாமா, ரெண்டாந்தேதி மண்ணு கொண்டு வருவியளா?"

அந்தப் பக்கம் கடல் இரைவது கேட்டது. "வாறேன் மக்கா," என்றார்.

வந்தார். வெள்ளை மணல் சாக்கு மட்டும் இருந்தது, சின்னப் பை இல்லை. மெலிந்திருந்தார். கல்லறைமேல் மணலைப் பரப்பி, உள்ளங்கையால் தடவிச் சமப்படுத்திவிட்டு எழுந்து கையில் ஒட்டிய மணலைத் தட்டினார்.

"கறுப்பு எங்க மாமா?"

"கொண்டு வரேல்ல மக்கா. ஒனக்குப் பயமாக்கும்லா. வேண்டாம். வெள்ளையே போதும்."

மகள் எங்கள் பைக்கின் பின்னால் கட்டியிருந்த கவரை அவிழ்த்துப் பால்மாவு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் அதைக் கொண்டு வந்தது எனக்கே தெரியாது. மூடியைத் திறந்து மாமாவிடம் நீட்டினாள்.

"இது அம்மா கப்பலண்டி வறுத்த மண்ணு."

அவர் டப்பாவை வாங்கிப் பார்த்தார். அதில் அவர் கொண்டுவந்து கொடுத்த மணல்தான் இருந்தது. மூடி திறந்ததும் லேசாக வறுத்த வாசனை வந்தது, எனக்கும் எட்டியது. இவ்வளவு காலம் சாய்ப்பில் கிடந்தும் அது போகவில்லை. அவர் டப்பாவை நெஞ்சோடு வைத்துக்கொண்டு திரும்பி நின்றார். முதுகு மட்டும் குலுங்கியது.

"நீயே போடு," என்றார் பிறகு.

"எனக்கு நேரா வராது மாமா. நீங்க போடுங்க, நான் குறுக்க போடுகேன்."

இரண்டு பேரும் குந்தியிருந்து போட்டார்கள். மகள் போட்ட கோடு கொஞ்சம் கோணலாக இருந்தது. மணலோடு சேர்ந்து, கருகிய ஒரு கடலைத்தோல் சிலுவையின் நடுவில் விழுந்தது. மாமா அதை எடுக்கக் கை நீட்டி, எடுக்காமல் விட்டுவிட்டார். காற்றில் தோல் அசைந்தது, மணல் அசையவில்லை. மகன் மெழுகுதிரிகளைக் கொளுத்தினான்.

"இதுல உள்ள தோரியம் எப்ப தீரும்க்கா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"தீராது. நீ கைய கழுவிட்டு வா," என்றாள் அக்கா.

அன்றைக்கு மச்சான் எங்கள் வீட்டில் இருந்து சாப்பிட்டார். மரச்சீனியும் மீன்கறியும். பிள்ளைகளைக் கிறிஸ்துமஸுக்கு அனுப்பச் சொன்னார், மகள் சரி என்றாள். ஏதோ பேச்சில் அவர் சிரித்தபோது இடதுகண் சுருங்கியது. பிள்ளைகள் இரண்டு பேரும் சாப்பிடுவதை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் போன பிறகு மகள் காலி டப்பாவைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்தாள். காய்ந்த பிறகு எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனவள், அங்கிருந்து கேட்டாள்.

"அப்பா, இதுல இனி என்ன போட?"

அடுப்புக்குக் கீழே, முன்பு இருந்த இடத்திலேயே வைக்கச் சொன்னேன்.